அம்மாவின் 4 சுங்குடிச் சேலை, 20 ப்ளாக்: ஒரு குயில்ட் வேலையின் முழு விவரம்

பின்னணி

மதுரையில் வீட்டு மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறேன். இது என்னிடம் வந்த ஒருவருடைய குயில்ட் வேலையைப் பற்றிய குறிப்பு. குயில்ட் என்றால் மேல் துணி, நடு அடுக்கு, பின் துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை; ப்ளாக் என்பது அதன் ஒவ்வொரு சதுரக் கட்டம். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். வயது 56, பிளவுஸ் தைக்க ஆரம்பித்து 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இளம் வயதில் மிஷின் எம்பிராய்டரியும் முறையாகக் கற்றவர். கால் மிஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, துணியை நகர்த்தும் பல் மேல் தகடு வைத்து மூடி, துணியை வளையத்தில் இறுக்கிக் கையால் நகர்த்தி நகர்த்திப் பூப்போடும் அந்தப் பழைய வேலை. கம்ப்யூட்டர் மிஷின் வந்த பிறகு அதை யாரும் கேட்டு வருவதில்லை என்பதால் பல வருஷமாகத் தொடாமலே விட்டிருந்தார்.

அவருடைய அம்மா இறந்தபோது 4 சுங்குடிச் சேலைகள் இவர் பங்குக்கு வந்தன. துணியில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுக்கும் அசல் சுங்குடி. மதுரையில் சௌராஷ்டிரா சமூகத்தார் வழிவழியாகச் செய்துவரும் வேலை அது, 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டு சேலை சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள் கலந்த பச்சை. மகள் பெங்களூரில் இருக்கிறார். அவருக்கு இந்தச் சேலைகளை வைத்து ஒரு குயில்ட் செய்து கொடுக்க வேண்டும், அதையும் ஒரே மாதிரிக் கட்டமாக இல்லாமல் ஒவ்வொரு ப்ளாக்கிலும் ஒரு புது வேலை பழகிச் செய்ய வேண்டும் என்று ஜூன் மாதம் வந்து கேட்டார்.

திட்டம்

12 இன்ச் ப்ளாக் 20, நாலுக்கு ஐந்து. பக்கத்து ப்ளாக்கோடு சேர்க்கும் தையலுக்கு விட்டு ஒவ்வொன்றையும் 12½ இன்ச்சாக முடிக்க வேண்டும். ஒட்டு வேலையில் 10, எம்பிராய்டரியில் 6, அப்ளிக் (துணி மேல் துணி வெட்டி வைத்துத் தைப்பது) 4 என்று ஒரு நோட்டில் எழுதினோம். எனக்கு இந்த முறை உண்மையிலேயே பிடிக்கும். முழுப் போர்வையில் ஒரு புது வேலையைச் செய்துபார்த்துத் தப்பினால் போர்வையே போச்சு. ப்ளாக்காகச் செய்தால் தப்பு அந்த ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். அப்படித்தான் அவரிடம் சொன்னேன். அந்தப் பேச்சு பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. பழகும் வேலையை எந்தத் துணியில் பழகப்போகிறோம்? அவர் நேராக அம்மாவின் சேலையையே வெட்ட ஆரம்பித்தார். 25 வருஷம் தைத்த கை, அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் 4 ப்ளாக், அளக்காமலே

முதல் மூன்று வாரத்தில் நாலு ப்ளாக் முடித்தார்: 9 கட்டம், 16 கட்டம், முக்கோணக் கட்டங்கள், லாக் கேபின் (நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டி பட்டியாகத் தைத்துக்கொண்டே போவது). தனித்தனியாகப் பார்க்க நாலும் அழகாகவே இருந்தன. வரிசையாகப் பாயில் விரித்தபோதுதான் ஓரம் எதுவும் ஓரத்தோடு சேரவில்லை என்று தெரிந்தது. இன்ச் டேப் வைத்தோம். 9 கட்டம் 12¼, 16 கட்டம் 12⅛, லாக் கேபின் 11¾. முக்கோண ப்ளாக் ஒரு பக்கம் 12¾, எதிர்ப்பக்கம் 12⅜, நடுவில் அப்பளம் மாதிரி உப்பல் வேறு.

முதலில் அவர் வெட்டியதில்தான் பிசகு என்று நினைத்தோம், ஆனால் மிச்சம் இருந்த துண்டுகள் எல்லாம் சரியான அளவில் இருந்தன. அப்புறம் ஒவ்வொரு ப்ளாக்கிலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை எத்தனை தையல் குறுக்கே வருகிறது என்று எண்ணிப் பார்த்தோம். 9 கட்டத்தில் 2, அங்கே கால் இன்ச் குறைவு. 16 கட்டத்தில் 3, குறைவு ⅜. லாக் கேபினில் 6, முக்கால் இன்ச் போயிருந்தது. ஒரு தையலுக்கு ⅛ இன்ச், பிசகாமல். அதாவது தையலுக்கு இரு பக்கத் துணியிலும் கால் இன்ச் பிடிப்பதற்குப் பதிலாக 5/16 பிடித்திருக்கிறார்.

காரணம் கை பழக்கம்தான். துணி ஓரத்தை ஃபுட் ஓரத்தோடு ஒட்டி ஓட்டுவது அவர் வழக்கம், அந்த மிஷினில் ஃபுட் ஓரம் ஊசியிலிருந்து கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. பிளவுஸில் இது ஒரு விஷயமே இல்லை, பக்கத் தையலில் ஒரு இன்ச் உள்ளே விட்டிருப்போம், கூடக் குறைய இருந்தால் பிடித்தோ பிரித்தோ சரி செய்துவிடலாம். குயில்ட் ப்ளாக்கில் அந்த இடம் கிடையாது, தையல் கூடக் கூடப் பிசகும் கூடிக்கொண்டே போகும்.

முக்கோண ப்ளாக்கின் கதை வேறு. சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் அந்த ஓரம் இழைக்குச் சாய்வாக, அதாவது க்ராஸ் ஆகிவிடும், இழுத்தால் நீளும். பழைய சுங்குடி மெல்லிசு, அதிலும் பல வருஷம் துவைத்துக் கஞ்சி முழுக்கப் போன துணி. இஸ்திரிப் பெட்டியை அவர் தேய்த்துத் தேய்த்து ஓட்டியதில் ஒவ்வொரு முக்கோணமும் ஒரு பக்கமாக நீண்டுவிட்டது.

எடுத்த முடிவு

பிரித்துத் தைக்கலாமா என்று அவர் கேட்டார். லாக் கேபினில் ஒரு ஓரத்தில் இரண்டு இன்ச் மட்டும் பிரித்துப் பார்த்தோம். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை தெரிந்தது, ஓரத்து இழை பிசிறாக வந்தது, திரும்பத் தைக்கப் பிடிக்கத் துணி இல்லை. அதோடு பிரிக்கும் யோசனையை விட்டோம். அளவு குறைந்த ப்ளாக்குகளைச் சுற்றி 2 இன்ச் அகலத்தில் வெள்ளைக் காடாத் துணியில் சட்டம் தைத்து, எல்லாவற்றையும் கடைசியில் ஒரே அளவாக 13½ இன்ச்சுக்கு வெட்டிக்கொள்வது என்று முடிவு செய்தோம். அதனால் சரியான அளவில் வரும் ப்ளாக்குக்கும் சட்டம் வைத்தே ஆக வேண்டும். சட்டத்தின் அகலம் ப்ளாக்குக்கு ப்ளாக் மாறும். சரியான ப்ளாக்கில் அரை இன்ச் தெரிந்தால் லாக் கேபினில் முக்கால் இன்ச்சுக்கு மேல் தெரியும். அது பரவாயில்லை என்றார். முக்கோண ப்ளாக்கைச் சேர்ப்பதில்லை.

மிஷினில் ஊசியிலிருந்து சரியாகக் கால் இன்ச் அளந்து ஒரு அட்டைத் துண்டை டேப் போட்டு ஒட்டினேன், துணி ஓரம் அதில் இடித்துக்கொண்டே ஓடும்படி. 1½ இன்ச் அகலத்தில் 3 பட்டி வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்தால் நடுப் பட்டி மிகச் சரியாக 1 இன்ச் வர வேண்டும். அந்தப் பட்டி மூன்று தடவை தப்பி, நாலாவது தடவைதான் சரியாக வந்தது.

துணிக்கு வீட்டில் கஞ்சிதான். சாதம் வடித்த கஞ்சியை நீர்க்க விட்டு வடிகட்டித் துணியை முக்கி, விறைப்பாகக் காயவிட்டு, அதன் பிறகே வெட்டுவது. வெட்டிய பிறகு கஞ்சி போட்டால் அந்த ஈரத்திலேயே க்ராஸ் ஓரம் இழுபடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. இஸ்திரியும் தேய்ப்பது இல்லை, வைத்து எடுப்பது மட்டும்.

சாயம் போன ப்ளாக்

ஐந்தாவது ப்ளாக் அப்ளிக். தேர்களில் தொங்கவிடும் தொம்பையில் துணி மேல் துணி வைத்துத் தைக்கிற மாதிரி, காடாத் துணி மேல் சிவப்புச் சுங்குடியில் தாமரை வெட்டி வைத்துத் தைத்திருந்தார். கோடு போட்டது தண்ணீரில் அழியும் பேனா. வேலை முடிந்ததும் கோட்டை அழிக்கத் தண்ணீர் தெளித்தார், பத்து நிமிஷத்தில் தாமரையைச் சுற்றி வெள்ளைத் துணியில் ரோஸ் நிறம் பரவிவிட்டது.

அன்றைக்கு அவர் ரொம்ப உடைந்துபோனார். "டீச்சர், எங்கம்மா இந்தச் சேலையைத் தனியா அலசித் தனியாத்தான் காயப்போடும், நான் அதை மறந்துட்டேன்" என்றார். எனக்கும் அது உறைத்தது, சேலைகளைச் சோதிக்கச் சொல்ல வேண்டியது நான்தான்.

அடுத்த நாள் 4 சேலையையும் சோதித்தோம். ஓரத்தை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்து, சூடான இஸ்திரியால் அழுத்திப் பார்ப்பது. சிவப்பு இரண்டிலும் சாயம் போனது, நீலத்தில் லேசாக, பச்சையில் இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வது உண்டு. ஆனால் இழையில் பிடிக்காமல் மிச்சமாக நிற்கும் சாயத்தை உப்பு கட்டிப்போடாது, அதை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். பெரிய அண்டாவில் கை பொறுக்காத அளவு சூட்டில் நிறையத் தண்ணீர், கொஞ்சம் சோப்புத் தூள், துணி முழுக்க அதில் மூழ்கிக் கிடக்க வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் போன சாயம் அதே துணியில் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சிவப்புக்கு ஐந்து தடவை தண்ணீர் மாற்றினோம். நிறம் ஒரு படி இறங்கியது, ஆனால் சோதனைத் துணி வெள்ளையாக வந்தது. கறைபட்ட தாமரைக்கும் அதே வெந்நீர் வைத்தியம் செய்தோம். அந்தக் கறை மங்கியது, முழுசாகப் போகவில்லை. அதையும் ஒதுக்கினோம்.

ஆறாவது ப்ளாக்கிலிருந்து ஒரு விதி எழுதிக்கொண்டோம். எந்தப் புது வேலையானாலும் முதலில் காடாத் துணியில் ஒரு ப்ளாக், அதை அளந்து நோட்டில் எழுதிய பிறகுதான் சேலையில். வேலை இரட்டிப்பாகும் என்று தெரிந்தேதான் எடுத்தோம்.

எம்பிராய்டரி: கம்ப்யூட்டரும் கையும்

என்னிடம் இருக்கும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷினின் வளையம் 100 மில்லிமீட்டர் சதுரம். காடாத் துணியில் மாங்காய் டிசைன் ஒன்று போட்டுப் பார்த்தோம், கிட்டத்தட்ட 11,000 தையல், நன்றாக வந்தது. அதை நம்பி பச்சைச் சுங்குடியில் 6½ இன்ச் சதுரம் வெட்டி அதையே போட்டோம். வளையத்தை விட்டு எடுத்ததும் மாங்காய் மட்டும் பலகை மாதிரி விறைத்து நின்றது, சுற்றிலும் துணி சுருங்கி, 6½ இருந்தது 6¼ ஆகிவிட்டது. காடாத் துணி தாங்கிய தையலைச் சுங்குடி தாங்கவில்லை. பழகும் துணியும் கடைசித் துணியும் கனத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை அந்த மாங்காய்தான் காட்டியது. அதற்குப் பிறகு எம்பிராய்டரி பழகப் பழைய மல் துணியை வைத்துக்கொண்டோம்.

மூன்று மாற்றம் செய்தோம். துணியை 10 இன்ச்சாக வெட்டிப் பின்பக்கம் மெல்லிய ஒட்டும் கேன்வாஸ் போட்டு, அதற்கும் கீழே வெட்டி எடுக்கும் வகை ஸ்டெபிலைசர் (துணி சுருங்காமல் தாங்கும் ஷீட்) வைத்தோம், கிழித்து எடுக்கும் வகை இந்தத் துணிக்கு ஆகவில்லை, கிழிக்கும்போது தையலும் இழுபட்டது. டிசைனை உள்ளே நிரப்பாமல் கோடாக மட்டும் வருகிற மாதிரி மாற்றினோம், சுமார் 2,500 தையல். பூப்போட்டு முடித்து, இஸ்திரி வைத்த பிறகுதான் டிசைனை நடுவில் வைத்து 6½-க்கு வெட்டினோம். ஊசி 75/11, வேகத்தையும் பாதியாகக் குறைத்தேன். ப்ளாக் தட்டையாக வந்தது.

அந்த நேரத்தில்தான் அவர் தன் பழைய வளையத்தை எடுத்துக்கொண்டு வந்தார், மரத்தில் செய்தது, உள் வளையத்தில் துணி நாடா சுற்றியிருந்தது. கால் மிஷினில் உட்கார்ந்து அதே மாங்காயைக் கையால் போட்டார். முதல் அரை மணி நேரம் கால் வேகமும் கை வேகமும் சேரவில்லை, நூல் இரண்டு தடவை அறுந்தது. அப்புறம் சேர்ந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்: இலை முனை வரும்போது கால் தானாக மெதுவாகிறது, துணி சுருங்கத் தொடங்குகிறது என்று விரல் உணர்ந்ததுமே தையலைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுகிறார். கம்ப்யூட்டர் மிஷினுக்கு அந்த விரல் இல்லை. 6 எம்பிராய்டரி ப்ளாக்கில் 4 அந்தக் கையால் போட்டவை, அவைதான் இந்தக் குயில்ட்டின் நல்ல பகுதி என்பது என் கருத்து.

குயில்ட்டிங்: வளையம் இல்லாத பிரச்சினை

முழுக் குயில்ட்டையும் சுருட்டிக் கால் மிஷின் கைக்கு உள்ளே நுழைக்க முடியாது, அதனால் ஒவ்வொரு ப்ளாக்கையும் தனியாகக் குயில்ட் செய்து பிறகு இணைப்பதாக இருந்தோம். நடு அடுக்குக்கு முதலில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வாங்கினோம். மதுரை வெயிலுக்கு அது ஆகாது என்று தோன்றியது, அதோடு சூடான இஸ்திரி பட்ட இடம் அமுங்கிப் பளபளத்தது. வங்காளத்தில் காந்தா செய்பவர்கள் பஞ்சே வைக்காமல் பழைய சேலை, வேட்டிகளைத்தான் அடுக்கித் தைப்பார்கள். அவருடைய அப்பாவின் பழைய வேட்டிகள் வீட்டில் இருந்தன, இரண்டு மடிப்பாக அதையே வைத்தோம்.

எம்பிராய்டரிக்குச் செய்த மாதிரியே ஃபுட்டைக் கழற்றிவிட்டுக் கையால் நகர்த்தித் தைக்கப் பார்த்தார். தையல் விட்டு விட்டு விழுந்தது. டென்ஷன் மாற்றினோம், ஊசி மாற்றினோம், சரியாகவில்லை. இதில் ஒரு வாரம் போனது. காரணம் எளிதுதான். எம்பிராய்டரியில் துணி வளையத்தில் இறுகி இருக்கிறது, அதனால் ஊசி மேலே வரும்போது துணி கூடவே எழும்பாது. குயில்ட்டில் அடுக்கு அடுக்காகத் துணி, வளையம் கிடையாது, ஊசி மேலே போகும்போது துணியும் ஒட்டிக்கொண்டு எழும்புகிறது, அந்த நேரத்தில் நூலில் விழ வேண்டிய சுருக்கு கீழே கொக்கிக்குக் கிடைப்பதில்லை. வளையம் பார்த்த வேலையை வேறொன்று பார்க்க வேண்டும், அதற்குத்தான் ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட். ஊசி இறங்கும்போது துணியை அமுக்கும், ஏறும்போது துணியை நகர்த்த விடும். அதை மாட்டிய அன்றே தையல் விழ ஆரம்பித்தது.

ஆனால் எந்தக் கோட்டில் தைப்பது? எல்லோரும் முதலில் பழகும் நெளிவுக் கோட்டைப் பழகினார், எங்கே திரும்புவது என்று யோசித்து யோசித்து நடுவில் நின்றுவிடுவார், நின்ற இடத்தில் நூல் குவிந்துவிடும். பின்பக்கம் வளைவுகளில் நூல் கண் இமை மாதிரி நீண்டு நின்றது, அது வளைவில் கை காலை விட வேகமாகப் போவதற்கான அடையாளம்.

ஒரு நாள் நீலச் சுங்குடி ப்ளாக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இது புள்ளிதானே டீச்சர், கோலத்துக்கு வெச்ச மாதிரி" என்றார். சிக்குக் கோலம் போடுகிற மாதிரி புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஊசியை ஓட்டினார். கை நிற்கவே இல்லை. அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்பது அவருக்கு ஐம்பது வருஷமாகத் தெரிந்த விஷயம். பேனாக் கோடும் தேவைப்படவில்லை, அதை அழிக்கத் தண்ணீரும் தேவைப்படவில்லை, துணியிலேயே புள்ளி இருக்கிறது. ஒரே கோட்டில் முடிகிற கோலங்களை மட்டும் நோட்டில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தோம், கோடு இரண்டாகப் பிரிகிற கோலமாக இருந்தால் நூலை வெட்டி மறுபடி தொடங்க வேண்டிவரும். கையால் முடிந்த புள்ளி என்பதால் வரிசை கொஞ்சம் வளைந்துதான் இருந்தது, கோலமும் அதோடு வளைந்தது, அதுவே அழகாக இருந்தது. அந்த ஒரு வாரத்தில் 7 ப்ளாக் முடித்தார்.

இணைப்பும் முடிவும்

ஓரத்தில் ஒரு இன்ச் அளவுக்குக் குயில்ட் தையல் போடாமல் விட்டிருந்தோம். பின் துணியையும் வேட்டியையும் ஒதுக்கி மடித்துவிட்டு மேல் துணியை மட்டும் 13½-க்கு வெட்டி, ப்ளாக்கோடு ப்ளாக் சேர்த்துக் கால் இன்ச்சில் தைத்து, வேட்டியை முட்டுக்கு முட்டு வெட்டி, பின் துணியை ஒன்றின் மேல் ஒன்று மடித்துக் கையால் ஹெம்மிங். குயில்ட் போட்ட பிறகு ஒவ்வொரு ப்ளாக்கும் ⅛ முதல் கால் இன்ச் வரை சுருங்கியிருந்தது. சட்டத்தை முன்கூட்டியே வெட்டாமல் வைத்தது அங்கே கைகொடுத்தது.

தொடங்கிய 20-ல் சேர்ந்தது 16. ஒதுங்கியவை முக்கோண ப்ளாக், சாயம் போன தாமரை, சுருங்கிய மாங்காய், அப்புறம் தாளில் அச்செடுத்து அதன் மேல் வைத்துத் தைக்கும் வேலையில் ஒன்று, அச்செடுக்கும்போது அளவு 100 சதவீதமாக வைக்காததால் அந்த ஒன்று சிறிதாகிவிட்டது. நாலுக்கு நாலாக 52 இன்ச் சதுரம், சுற்றிலும் 2 இன்ச் கரை, 56 இன்ச்சில் முடிந்தது. முதலில் நினைத்ததைவிடச் சிறியது. ஜூனில் தொடங்கியது, பொங்கல் கழிந்துதான் முடிந்தது. முதல் சலவையை இங்கேயே செய்தோம், சாயம் போகவில்லை. கம்ப்யூட்டரில் போட்ட ஒரு ப்ளாக்கின் ஓரம் மட்டும் லேசாக அலை அலையாக நிற்கிறது, அதை இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

அடுத்த முறை மாற்றுவது

இப்போது என் வகுப்பில் குயில்ட் கேட்டு யார் வந்தாலும் முதல் நாள் அந்த 3 பட்டிச் சோதனைதான், எத்தனை வருஷம் தைத்தவராக இருந்தாலும் சரி. துணியைச் சாயச் சோதனை செய்து, வெந்நீரில் அலசி, கஞ்சி போட்ட பிறகே கத்தரி. முதல் ப்ளாக்கை அளந்து எழுதாமல் இரண்டாவதை வெட்ட விடுவதில்லை. தப்பு ஒரு கட்டத்தோடு நிற்கும் என்று நான் சொன்னது, அந்தக் கட்டத்திலேயே அதைக் கண்டுபிடித்தால் மட்டும்தான். இவர் அளக்காமல் நாலு தைத்தபோது ஒரே தப்புதான் மறுபடி மறுபடி வந்திருந்தது. எம்பிராய்டரி ப்ளாக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டு முடித்துவிட வேண்டும், வெட்டுவது கடைசியில். ஃபுட் இல்லாமல் தைத்துப் பார்க்கும் அந்த ஒரு வாரத்தையும் இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சிவப்புச் சேலை ஒன்றின் முந்தானை மட்டும் இன்னும் வெட்டாமல் அவரிடம் இருக்கிறது. வளைவுத் தையல் ப்ளாக் ஒன்று அதில் செய்ய வேண்டும் என்கிறார், வளைவு சரியாக வரும் வரை மல் துணியில்தான் என்றும் சொல்லியிருக்கிறார். போன வாரம் பார்த்தபோது மல் துணியில் ஐந்தாவது வளைவு மிஷினில் இருந்தது.